சம்பந்தியை முந்தக் கூடாது

மனிதவள அதிகாரி என்றால் வேறொன்றுமில்லை: மேலிடத்து ஆங்கிலத்தைத் தமிழாக்கித் தொழிலாளரிடம் திட்டு வாங்கவும், தொழிலாளரின் தமிழை ஆங்கிலமாக்கி மேலிடத்தில் திட்டு வாங்கவும் மாதச் சம்பளத்துக்கு உட்கார வைக்கப்பட்ட மத்தளம். இந்த நாற்காலியில் குப்பை கொட்டியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நமக்கு நாமே ஆறுதல்.

நான் இருப்பது காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினம் போகிற சாலையில் உள்ள ஒரு இறால் கம்பெனி. இறாலைத் தலை கிள்ளி, தோல் உரித்து, உறைய வைத்து, வெளிநாட்டுக்குக் கப்பலேற்றுவோம். உரிப்பவர்கள் எல்லாம் பெண்கள். தெற்கே பட்டினச்சேரியிலிருந்து ஒரு வேன் வரும், வடக்கே மண்டபத்தூரிலிருந்து ஒரு வேன் வரும். நானோ திருநள்ளாறு பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பம். சேர்ந்த புதிதில் வெறும் கையால் இறாலைத் தொட்டு, கொம்பு குத்தி அலறியவன். அன்றிலிருந்து அந்தப் பெண்களுக்கு நான் "வயக்காட்டு சார்".

போன வருஷத் தொடக்கத்தில் சென்னைத் தலைமை அலுவலகம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. ஆந்திரக் கரையில் எங்களுக்கு இன்னொரு தொழிற்சாலை உண்டு. இரண்டையும் ஓட்டக் கட்டுப்படியாகவில்லை. வருஷக் கடைசியில் எது நன்றாக ஓடுகிறதோ அது நிற்கும், மற்றது மூடப்படும் என்றார்கள். கம்பெனி போனால் எனக்காவது ஆந்திராவில் ஒரு நாற்காலி போடுவார்கள். இந்தப் பெண்களுக்கு யார் போடுவார்? கடலை நம்பினால் பாதி நாள் அடுப்பு எரியாது என்பதால்தானே இங்கே வருகிறார்கள்? எங்களைத் தூக்கி நிறுத்த கௌதம் என்று ஒரு தம்பியை அனுப்பி வைத்தார்கள். நல்ல பிள்ளை. உத்திகள் வகுப்பதில் பெரிய படிப்பு படித்தவர். அவர் உத்தி வகுக்க வகுக்க எனக்கு முடி கொட்டியது. அந்தக் கதைதான் இது.

கடல் கடந்த மல்லிகை

கௌதம் வந்து இறங்கிய வாரமே வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து புகார். நாங்கள் அனுப்பிய பொட்டலம் ஒன்றில் இறாலோடு இறாலாக ஒரு மல்லிகை மொட்டும் உறைந்து போயிருந்ததாம். போட்டோ வேறு எடுத்து அனுப்பியிருந்தார்கள். மொட்டு கொஞ்சம்கூட வாடவில்லை. நம்முடைய குளிர்சாதனத்தின் தரத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று நான் சொன்னதைத் தம்பி ரசிக்கவில்லை. அன்றே வாசலில் அறிவிப்பு ஒட்டிவிட்டார். பூ வைத்துக்கொண்டு யாரும் உள்ளே வரக் கூடாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கேட்க வேண்டுமா? இரண்டு வேனிலிருந்தும் இறங்கிய பெண்கள் வாசலைத் தாண்ட மறுத்துவிட்டார்கள். "தாலி கட்டுனவளைப் பூவைக் கழட்டுன்னு எந்த வாய் சொல்லுது?" என்று முன்னால் நின்றவர் செண்பகம். பட்டினச்சேரிப் பெண்கள் இறால் உரிக்கிற மேசையின் லைன் லீடர். அவர் குரல் கொடுத்தால் கரையில் நிற்கிற படகுகூடக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். நான் குறுக்கே புகுந்து ஒரு சமாதானம் பண்ணினேன். உடை மாற்றும் அறையில் நீளமாக ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணி. வரும்போது பூவை ஆணியில் மாட்டுவது, போகும்போது எடுத்து வைத்துக்கொள்வது. "இது கழட்டுறது இல்லக்கா, சும்மா மாட்டி வைக்கிறது" என்றேன். எப்படியோ ஏற்றுக்கொண்டார்கள்.

சாயங்காலம் வேன் ஹாரன் அடித்ததும் எல்லோரும் ஒரே ஓட்டமாக ஓடி, கைக்கு வந்த சரத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஏறிவிட்டார்கள். அடுத்த நாள் காலையில் செண்பகம் நேராக என் அறைக்கு வந்தார். "காலையில மல்லி வெச்சுக்கிட்டு வந்தேன், சாயங்காலம் கனகாம்பரத்தோட வீட்டுக்குப் போறேன். அந்த மனுசன் என்னை மேலயும் கீழயும் பாக்குறாரு. நீங்களே வந்து வெளக்கம் சொல்லுங்க சார்!"

சுவரேறிய செண்பகம்

பூவில் பட்ட காயத்தை ஆற்றத் தம்பி ஒரு மருந்து கொண்டுவந்தார். மாதத்தின் சிறந்த ஊழியர். ஒவ்வொரு மாதமும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுவது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் உற்சாகம் பிறக்குமாம். முதல் மாதம் செண்பகம். வரவேற்பறையில் ஏற்கெனவே எங்கள் எம்.டி.யின் காலமான தகப்பனார் படமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு ஆணி காலியாக இருந்தது. ஆணி இருக்கிறதே என்று அதிலேயே மாட்டினார்கள்.

எங்கள் வாட்ச்மேன் பக்கிரிசாமி கடமை தவறாதவர். வெள்ளிக்கிழமை தோறும் வரவேற்பறைப் படத்துக்கு மாலை போட்டு ஊதுவத்தி ஏற்றுவது அவர் வேலை. இந்த வெள்ளி இரண்டு படம் இருந்தது. இரண்டு மாலை வாங்கிவிட்டார். சின்ன பல்பு ஒன்றும் எரியவிட்டார். அன்று பார்த்து, ஐஸ் லோடு கொண்டுவந்த செண்பகத்தின் அண்ணன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். "ஐயோ, என் தங்கச்சி!" என்று அவர் வைத்த ஒப்பாரியில் கம்பெனியே வெளியே வந்துவிட்டது. கூட்டத்தோடு செண்பகமும் பூட்ஸும் தொப்பியுமாக வந்து, தன் படத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். கௌதம் முகத்தில் ஈயாடவில்லை. செண்பகம் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "மாலை போட்டாச்சு, ஊதுவத்தியும் ஏத்தியாச்சு. சம்பளம் மட்டும் எனக்கு வருமா, இல்ல இந்தப் படத்துக்கிட்டயே குடுத்துடுவீங்களா?"

தடைக்காலத்து உற்சாகம்

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. விசைப்படகெல்லாம் கரையில். எங்களுக்கு இறால் பண்ணைக் குளங்களிலிருந்து வரும் என்பதால் வேலை நிற்காது. இந்த நேரம் பார்த்துத் தம்பி ஹால் முழுக்க வாசகங்கள் எழுதி ஒட்டினார். "உங்கள் கைகளே எங்கள் பலம்." "இன்றைய உழைப்பு, நாளைய சிகரம்." ஒட்டிய மறுநாளிலிருந்து ஒருத்தர்கூட லீவு எடுக்கவில்லை. காய்ச்சலோடுகூட வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி உண்டா என்று கேட்டார்கள். தம்பி பூரித்துப்போய் அறிக்கை அனுப்ப, சென்னையிலிருந்து பாராட்டு வந்தது. ஆந்திராவிலும் அதே வாசகத்தைத் தெலுங்கில் ஒட்டச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு விஷயம் தெரியும். வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனாலும் தம்பியின் சந்தோஷத்தில் நான் ஏன் மண் போட வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் விட்டால்தானே? மண்டபத்தூர் மேசையின் லைன் லீடர் அஞ்சம்மாவைக் கூப்பிட்டு, எந்த வாசகம் மனசைத் தொட்டது என்று போனில் படமெடுத்தபடியே கேட்டார். அஞ்சம்மா செண்பகம் மாதிரி இல்லை. அதிர்ந்து பேசமாட்டார். சுவரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அதெல்லாம் படிக்கல தம்பி. கடலுக்குப் போகாம ஆம்பளை வீட்டுல உக்காந்திருக்காரு. மணிக்கு ஒரு டீ, டீக்கு ஒரு குத்தம். இந்த இறாலு வாயத் தொறக்காது பாருங்க, அதான் இங்க ஓடியாந்துடுறோம்."

எல்லாம் சுமார்தான்

தடைக்காலம் முடிந்தது, படகு இறங்கியது, வருகை பழையபடி ஆனது. சென்னை பதறிவிட்டது. பணியாளர் மனநிலையைக் கணித்து அனுப்பு என்று உத்தரவு. தம்பி ஒவ்வொருவரிடமும் கேள்வித்தாளைக் கொடுத்தார். இங்கே வேலை செய்வதில் நீங்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்? மிகவும் மகிழ்ச்சி, மகிழ்ச்சி, சுமார், வருத்தம். ஒன்றில் டிக் போட வேண்டும். பெயர் எழுத வேண்டாம், ரகசியம் என்று படித்துப் படித்துச் சொன்னார். ரகசியமாவது! கேன்டீனில் ஒருத்தி சத்தமாகப் படிக்க, எல்லோரும் கூடிப் பேசி, ஒரே பேனாவைக் கைமாற்றி மாற்றி டிக் போட்டார்கள். எல்லாத் தாளிலும் "சுமார்".

ஆந்திராவில் எல்லோரும் "மிகவும் மகிழ்ச்சி" போட்டிருந்தார்களாம். நாங்கள் பின்தங்கிவிட்டோம். தம்பிக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. "சார், இவ்ளோ விரக்தியா இருக்காங்களே, எனக்குத் தெரியவே இல்லையே" என்று கண் கலங்கிவிட்டார். எனக்கே பாவமாக இருந்தது. அவரை அழைத்துக்கொண்டு செண்பகத்திடம் போனேன். இங்கே என்னக்கா குறை, வாய்விட்டுச் சொல்லுங்க என்றேன். "கொறையா? ஒரு கொறையும் இல்லையே, நல்லாத்தானே இருக்கோம்" என்றார். பிறகு ஏன் சுமார் என்று எழுதினீர்கள் என்று தம்பி கேட்டதும் செண்பகம் பதறிப்போய், கையுறையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ரொம்ப சந்தோஷமா இருக்கேன்னு கையால எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கே கண்ணு பட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா, ஒங்க ஹெட் ஆபீஸா தம்பி வந்து சுத்திப் போடும்?"

நீலமும் சிவப்பும்

உங்களில் எத்தனை பேர் இதை அனுபவித்திருப்பீர்களோ தெரியாது. "ஆரோக்கியமான போட்டி" என்று ஒன்று உண்டு. ஊரில் ஆரோக்கியமாக இருப்பதையெல்லாம் படுக்க வைத்துவிடும். புரட்டாசியில் எங்களுக்கு அது வந்தது. பட்டினச்சேரி மேசை நீல அணி, மண்டபத்தூர் மேசை சிவப்பு அணி. நடுவில் பெரிய ஸ்கோர் போர்டு. யார் எத்தனை கிலோ உரித்தார்கள் என்று அதில் நம்பர் ஓடிக்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில் ஜெயித்த அணிக்குச் சுழற்கோப்பை.

போர்டு மாட்டிய நாளிலிருந்து உற்பத்தி சரிந்தது. லேசாக இல்லை, படுவேகமாக. இன்னொரு விசித்திரம்: சாயங்காலம் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே நம்பர். ஒரு கிலோ இப்படி அப்படி இல்லை. எடை மிஷின் கெட்டுவிட்டது என்று தம்பி ஆள் வைத்துப் பார்த்தார். மிஷின் கல்லு மாதிரி இருந்தது. வருஷக் கடைசி நெருங்குகிற நேரம். சென்னையிலிருந்து வந்த போன்களில் "மூடுவது" என்ற சொல் இப்போது கூச்சமில்லாமல் புழங்கியது.

ஒருநாள் ஹால் கண்ணாடிக்கு வெளியே நின்று கவனித்தேன். செண்பகம் உரிக்கிறார், தலையைத் தூக்கிப் போர்டைப் பார்க்கிறார், நீலம் கொஞ்சம் முன்னால் போனதும் கையை நிறுத்தித் தொப்பியைச் சரிசெய்கிறார். அவர் மேசையே தொப்பியைச் சரிசெய்கிறது. எதிர்ப்பக்கம் அஞ்சம்மா போர்டைப் பார்க்கிறார், சிவப்பு ஏறிவிட்டது, உடனே தண்ணீர் குடிக்கப் போகிறார். அவர் மேசைக்கே தாகம். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அட மடையா, ஆவணியில் நிச்சயதார்த்தத்துக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தோமே! செண்பகத்தின் மகளை அஞ்சம்மாவின் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். எதிரெதிர் மேசையில் இறால் உரித்துக்கொண்டே பேசி முடித்த சம்பந்தம். தையில் கல்யாணம்.

செண்பகத்தை ஓரமாகக் கூப்பிட்டேன். "ஆமா சார், பொண்ணு குடுக்குறவ நான். மாப்பிள்ளை வீட்டைத் தோக்கடிச்சுக் கோப்பையைத் தூக்கிட்டு, அப்புறம் எந்த மூஞ்சியோட சீர்த் தட்டைத் தூக்கிட்டு அவங்க வாசப்படி ஏறுறது?" என்றார். அஞ்சம்மாவோ, சம்பந்தி விட்டுக்கொடுக்கும்போது நாம் முந்திக்கொண்டால் அற்பம் என்று ஊர் சிரிக்கும் என்றார். இருவரும் மரியாதையில் போட்டி போட்டால் கம்பெனி என்னவாகும் என்று தலையில் அடித்துக்கொண்டேன். தம்பியிடம் சொன்னேன். அவர் யோசித்து, லைன் லீடர்களை மாற்றிவிடலாமா என்று செண்பகத்திடமே கேட்டார். பதில் உடனே வந்தது: "தாராளமா மாத்துங்க தம்பி. சம்பந்தத்தை மாத்துறதுக்கும் ஒங்க படிப்புல வழி இருந்தா சொல்லுங்க, அதையும் பாத்துக்கலாம்."

அணையக் கூடாத அடுப்பு

போர்டைக் கழற்றி ஸ்டோரில் போட்டோம். கை பழையபடி ஓடத் தொடங்கியது. ஆனால் விழுந்த உற்பத்தி விழுந்ததுதான். எங்களுக்கு இருந்த ஒரே பிடிமானம் கார்த்திகையில் கிடைத்த பெரிய ஆர்டர். அதை முடித்துக் கன்டெய்னரின் கதவைச் சாத்த வேண்டிய நாள் வந்தது. மாலைக்குள் வண்டி கிளம்பாவிட்டால் கப்பல் போய்விடும். ஆர்டர் போனால் ஆந்திராவுக்கு மாலை, எங்களுக்குப் பூட்டு. நேரில் பார்த்து முடிவு செய்ய எம்.டி.யே மத்தியானம் வருவதாகத் தகவல். காலையில் நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வந்தேன். தேங்காய் நன்றாகத்தான் உடைந்தது.

வேலை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அஞ்சம்மா வந்து நின்றார். தொப்பியைக் கழற்றியிருந்தார். அவர் கணவரின் பெரியப்பா போய்விட்டார். தொண்ணூறைத் தாண்டிய கட்டை, பேரன் பேத்தி எடுத்த கல்யாணச் சாவு. எங்கள் விதிப்படி தாய், தகப்பன், கணவன், பிள்ளை இறந்தால்தான் துக்க லீவு. "இன்னிக்கு என்ன நாளுன்னு தெரியுமாக்கா?" என்றேன். "தெரியும் சார். லீவு கேக்க வரல. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். அவர் பின்னாலேயே மண்டபத்தூர் மேசை மொத்தமும் எழுந்துவிட்டது. ஊரில் ஒரு சாவு என்றால் படகே கடலில் இறங்காது. படகு இறங்காத நாளில் இறால் உரிக்க எந்தக் கை எழும்? வேனை வரவழைத்து நானே ஏற்றி அனுப்பினேன். விதியாவது மண்ணாவது! துக்கத்துக்குப் போகிறவளை மறித்து நின்றால் அப்புறம் நான் இந்த ஊரில் மூச்சுவிட முடியுமா?

திரும்பி வந்தால் செண்பகமும் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். சரி, முடிந்தது கதை. சம்பந்தி வீட்டுச் சாவுக்குச் சம்பந்தி போகாமல் இருப்பாளா? அவள் போனால் பட்டினச்சேரி போகும். நான் அப்படியே ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வராததுதான் குறை. செண்பகமோ போனை எடுத்துத் தன் கணவரிடம், மாலையும் கோடித் துணியும் எடுத்துக்கொண்டு ஆம்பளைகள் எல்லாம் முன்னால் போங்கள், நாங்கள் பொழுதுசாய வருகிறோம் என்று சொல்லி வைத்தார். பிறகு புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு, தன் பெண்களைப் பாதியாகப் பிரித்து அஞ்சம்மாவின் மேசைக்கு அனுப்பினார். நான் வாயைப் பிளந்து பார்த்ததற்குத் திட்டும் விழுந்தது. "என்ன சார் முழிக்கிறீங்க? சாவு வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாது. அவங்களுக்குச் சோறாக்கிப் போடுறது சம்பந்தி வீட்டு முறை. இந்த மேசையும் அவ அடுப்புதானே, அதை அணைய விட்டுட்டு நாங்க எதுக்கு சம்பந்தின்னு இருக்குறோம்?"

எம்.டி. கேட்ட கணக்கு

அந்த மாதிரி கை ஓடி நான் பார்த்ததில்லை. பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை, தலை நிமிரவில்லை. நானும் கௌதமும் பெட்டி தூக்கினோம். ஆர்வக்கோளாறில் நானும் உரிக்க உட்கார்ந்தேன். செண்பகம் என் கையிலிருந்த இறாலைப் பிடுங்கி, "வயக்காட்டு சார், நீங்க போயி கதிரு அறுங்க" என்று விரட்டிவிட்டார்.

எம்.டி. வந்தபோது ஆள் பாதி, இரண்டு மேசையும் நடக்கிறது. மீதி ஆள் எங்கே என்றார். சொன்னேன். விதியை மீறி அனுப்பினீர்களா என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். அவர் நேராகச் செண்பகத்திடம் போனார். யாருக்கும் வணக்கம் சொல்ல அங்கே நேரமில்லை. இங்கே உரிப்பதெல்லாம் யார் பெயரில் ஏறும் என்று கேட்டார். அஞ்சம்மா பெயரில்தான், அவள் மேசை என்றார் செண்பகம், நிமிராமலே. அப்படியானால் உழைப்பு உங்களுடையது, பெயர் அவங்களுடையதா, உங்களுக்கு என்ன லாபம் என்றார் எம்.டி. கேட்டவர் நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனாலும் செண்பகத்தின் கை முதல்முறையாக நின்றது. "சாவு வீட்டுக்குச் சோறு கொண்டுபோறவ, எத்தனை கரண்டி போட்டோம்னு எண்ணிக்கிட்டு நிப்பாளா சார்?"

குழு ஒற்றுமை விருந்து

கன்டெய்னரின் கதவு சாத்தி, வண்டி கிளம்பி, அது வளைவில் திரும்பி மறையும்வரை வாசலிலேயே நின்றேன். கண் நிறைந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம். அதற்குள் செண்பகம் வேன் கேட்டு வந்துவிட்டார். சம்பந்தி வெறுங்கையோடு போக முடியாது, சோறு வேண்டும். அன்றைக்கு ஆர்டர் முடிந்ததும் குழு ஒற்றுமை வளர்க்கும் விருந்து என்று தம்பி ஏற்பாடு வைத்திருந்தார். விருந்தை ரத்து செய்து, கேன்டீனில் அரிசியும் பருப்பும் உலையேற்றினோம். செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அக்கவுண்ட்ஸ் கேட்டது. ஒற்றுமை என்றே எழுது, பொய் இல்லையே என்றேன்.

மண்டபத்தூர் பந்தலில் இலை போட்டதும், சாம்பார் வாளியைத் தூக்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? கௌதம். சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தார். அஞ்சம்மா அழுது வீங்கிய கண்ணோடு செண்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசை நின்றுபோகவில்லை என்று செண்பகம் காதில் சொல்லியிருக்க வேண்டும். அஞ்சம்மா தலையை ஆட்டினார். வாளி தன் இலைக்கு வந்ததும் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணச் சாவு அல்லவா, அந்தக் கண்ணிலும் ஒரு குறும்பு எட்டிப்பார்த்தது. "தம்பி பந்தி நல்லா விசாரிக்குது. ஏன் சார், இதுக்கு இன்னும் கல்யாணம் ஆவலதானே? எங்க ஊருலயும் பொண்ணு இருக்கு."

ஆந்திராவிலிருந்து ஒரு போன்

வருஷக் கடைசியில் முடிவு வந்தது. காரைக்கால் நிற்கும். மெயிலைப் படித்துவிட்டு நான் ஹாலுக்கு ஓடிச் சொன்னபோது ஒரு கூச்சல் கிளம்பியது பாருங்கள், இறாலே எழுந்து ஓடியிருக்கும். செண்பகமும் அஞ்சம்மாவும் கையுறையோடு கட்டிக்கொண்டார்கள். இப்போதாவது ரொம்ப சந்தோஷம் என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். சுமார்தான் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். தையில் கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. செண்பகம் நிமிர்ந்த தலையோடு சீர்த் தட்டைத் தூக்கிக்கொண்டு சம்பந்தி வாசப்படி ஏறினார்.

ஆந்திராவையும் உடனே மூடவில்லை, அவர்களுக்கு இன்னும் ஒரு வருஷம் தவணை. நல்லதாகப் போயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். மாசியில் ஒருநாள் அங்கே என் நாற்காலியில் இருப்பவர் கூப்பிட்டார். நெல்லூர்க்காரர், சென்னையில் படித்ததால் தமிழ் நன்றாக வரும். தலைமை அலுவலகத்திலிருந்து "காரைக்கால் முறை" என்று ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். இரண்டு லைன் லீடர்களுக்கிடையே குடும்ப அளவிலான நெருக்கத்தை அடுத்த காலாண்டுக்குள் உருவாக்கி, முன்னேற்றத்தை மாதந்தோறும் தெரிவிக்க வேண்டும். அந்த மனிதரின் குரலில் எனக்கு என் பழைய புலம்பலே கேட்டது. "சார், எங்க லைன் லீடருங்க ரெண்டு பேருக்குமே பையனுங்கதான். இதுக்கு என்ன பண்றதுன்னு ஹெட் ஆபீஸ்ல கேட்டா, டார்கெட்டை மாத்த முடியாதுன்னு சொல்றாங்க!"

ஆக, சக மத்தளங்களே, மேலிடம் எந்த உத்தியை வேண்டுமானாலும் அனுப்பட்டும், கையெழுத்துப் போட்டு வாங்கி வையுங்கள், ஆனால் சுவரில் மாட்டுவதற்கு முன்னால் யாருக்கு யார் சம்பந்தி என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.